கிளையின் கழுத்து

மரத்தில் வேலை செய்தவர்கள் யார் என்று முதல் நாள் கேட்டார்கள். நான் கை தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை.

"எந்த மரம்?"

"செம்பனை. குலை வெட்டு. ஆறு வருஷம்."

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு மலாய்ப் பெண். என் வயதுதான் இருக்கும். மலாயில்தான் பேசுவார். எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன். அபாங் என்றால் அண்ணன்.

"அபாங், செம்பனை மரமே இல்ல. அது புல்லு ஜாதி. அதுக்குக் கிளை கிடையாது. இங்க நாம பாக்கப் போறது மரம்."

கேலியாகச் சொல்லவில்லை. பாடமாகத்தான் சொன்னார். ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். நான் கையை இறக்கிக்கொண்டேன். அப்படியென்றால் அத்தனை வருஷம் நான் வெட்டியது என்ன? அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இடம் புக்கிட் பெலண்டோக் தாண்டி உள்ளே. ஒரு பழைய தோட்டத்துத் துரை பங்களா. பங்களா இடிந்துபோய்விட்டது. அதன் முன்னால் நட்ட பெரிய மரங்கள் மட்டும் நிற்கின்றன. சுற்றிலும் எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் காடு. அந்தப் பெரிய மரங்களை வைத்து எங்களுக்கு மரப் பராமரிப்பு சொல்லிக் கொடுத்தார்கள். கயிற்றில் ஏறுவது, கிளை வெட்டுவது, வெட்டியதைக் கயிற்றில் கட்டி இறக்குவது. வந்தவர்கள் எல்லாரும் வேலை தேடும் இளவட்டங்கள். மரம் வெட்டும் வேலை என்று நினைத்துத்தான் நான் போனேன். மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் வேலை என்றார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

போனதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் குலை வெட்டைக் குத்தகைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். நாங்கள் லோபாக்கில் அடுக்கு வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரிக்கு பேக்டரியில் வேலை கிடைத்தது. நான் லாரியில் போனேன், கடையில் நின்றேன். எதுவும் நிலைக்கவில்லை. சி ரூசா பக்கம் கடற்கரை ரோட்டு மரங்களையும் ஹோட்டல் மரங்களையும் பார்த்துக்கொள்ளும் கம்பெனி ஒன்று ஆள் கேட்டது. கீழே நிற்க ஆள் இருக்கிறது, மேலே ஏறத்தான் ஆள் வேண்டும் என்றார்கள். பயிற்சி முடிந்து சோதனையில் பாஸ் ஆனால் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். இல்லையென்றால் இல்லை.

"இதையாச்சும் முடிங்க," என்றாள் வீட்டுக்காரி.

குலை வெட்டுகிறவன் மரம் ஏறுவதில்லை. இது பலருக்குத் தெரியாது. தரையில் நின்றுகொண்டு நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் மேலே வெட்டி இழுப்போம். கழுத்து வலி எனக்குத் தெரியும். உயரத்தில் கால் நடுங்குவது தெரியாது. முதல்முறை கயிற்றில் ஏறினபோது தெரிந்துகொண்டேன். வீட்டுக் கூரை உயரம்தான். அதிலேயே மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"மரத்த விடுங்க. கயித்துல உக்காருங்க," என்று கீழேயிருந்து சொன்னார் அந்த மலாய்ப் பயிற்சிக்காரர்.

மரம் ஏறச் சொல்லிவிட்டு மரத்தை விடு என்கிறார். அதுவும் புரியவில்லை. விட்டேன். கயிறு தாங்கியது.

எனக்கு ஜோடியாகக் கீழே நின்றது ஒரு லோபாக் பெண். தையல் கடையில் வேலை செய்தவள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது என்று இதற்கு வந்தாள். அவளுக்கும் அதே கம்பெனிதான். மரத்தைத் தொட்டதே இல்லை. ஆனால் ஏறினாள் என்றால் அணில். நான் ஏறும்போது அவள் கயிறு பிடிப்பாள், அவள் ஏறும்போது நான். வாய் மட்டும் ஓயாது.

"அண்ணே, நீங்க எஸ்டேட் ஆளுன்னு சொன்னாங்க. எஸ்டேட்ல மரத்துக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் வேல செய்வாங்களா?"

"நீ கயித்தப் பாரு."

"கயித்தத்தான் பாக்குறேன். அது கூட ஆடல. நீங்கதான் ஆடுறீங்க."

நடுக்கம் போகப் போகக் குறைந்துவிட்டது. குறையாதது வெட்டுத்தான்.

முதலில் தரையில் விழுந்து கிடந்த ஒரு பெரிய கொப்பில் வெட்டிக் காட்டச் சொன்னார்கள். நான் கைரம்பத்தை எடுத்தேன். சின்னக் கிளையை ஒட்ட வெட்டினேன். தட்டு மாதிரி வழவழவென்று வந்தது. தடவிப் பார்த்தால் கை தடுக்காது. நல்ல வெட்டு என்று நினைத்தேன். தோட்டத்தில் அப்படித்தான். அடிமட்டை நீட்டிக்கொண்டு நின்றால் உதிரிப் பழம் அதில் சிக்கிக்கொள்ளும். குலைக்காம்பு நீளமாக இருந்தால் ஆலைக்காரன் திட்டுவான். வேலை வாங்கும் மண்டோர் பின்னாலேயே வருவார். ஒரு விரல் கட்டை நின்றாலும் விடமாட்டார்.

"என்னாடா, காக்கா உக்கார நாக்காலி போட்டு வெச்சிருக்க?" என்பார்.

அந்தக் குரல் என் கையிலேயே தங்கிவிட்டது. நான் ஒட்டத்தான் வெட்டுவேன். வேறு மாதிரி வெட்டத் தெரியாது.

பயிற்சிக்காரர் குனிந்து பார்த்தார்.

"அழகா இருக்கு அபாங். ஆனா தப்பு."

"எங்க தப்பு?"

"கழுத்த வெட்டிட்டீங்க."

கிளை மரத்தோடு சேரும் இடத்தில் கொஞ்சம் வீங்கினாற்போல் இருக்குமாம். தோல் சுருங்கி மோதிரம் மாதிரி நிற்குமாம். அதைக் கழுத்து என்றார். அது கிளையைச் சேர்ந்தது இல்லை, மரத்தைச் சேர்ந்தது. அதை விட்டுவிட்டு வெட்டினால் மரம் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். அதையும் சேர்த்து வெட்டினால் மூடாது.

"விட்டுட்டுன்னா எவ்ளோ விடணும்?"

"மரமே சொல்லும்."

அடுத்த கிளைக்குப் போனேன். மரம் ஒன்றும் சொல்லவில்லை. கழுத்தை வெட்டிவிடக் கூடாது என்று கொஞ்சம் தள்ளி வெட்டினேன்.

"இது ரொம்ப நீளம். இந்தக் கட்டை அழுகிப் போகும். அழுகல் உள்ள இறங்கும்."

ஒட்ட வெட்டினால் தப்பு. தள்ளி வெட்டினாலும் தப்பு. நான் ரம்பத்தைக் கீழே வைத்தேன்.

தையல் கடைப் பெண் எடுத்தாள். வெட்டினாள். பயிற்சிக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். இதுதான் வெட்டு என்றார்.

அவளைத் தனியே கேட்டேன். "எப்படி?"

"தெரியலண்ணே. சட்டையில கை சேர்ற எடத்துல கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம் இல்ல? அந்த மாதிரி இருந்துச்சி. அதுக்கு வெளிய வெட்டுனேன்."

எனக்குச் சட்டை தைக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் அவள் வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் வெட்டைவிட அசிங்கமாக இருந்தது. மண்டோர் பார்த்திருந்தால் அன்றைக்குக் கூலிக்குப் பேர் போட்டிருக்கமாட்டார்.

இன்னொரு நாள் ஏறி ஒரு கிளையை வெட்டிவிட்டு, வெட்டின இடத்தில் ஈரமண்ணைப் பிசைந்து அப்பினேன். என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவள். கத்தி ஆழப் பட்டுவிட்டால் எதையாவது பூசிவிடுவாள். காயத்தைத் திறந்து போட்டுவிட்டு வருவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

"அது என்னா?" என்றார் பயிற்சிக்காரர்.

"மருந்து."

"மரத்துக்கு மருந்து வேண்டாம் அபாங். பூசினா ஈரம் உள்ள நின்னு அழுகும்."

"அப்ப எப்படி ஆறும்?"

"ஆறாது. மரம் ஆறுறது இல்ல. மூடிக்கும். உள்ள காயம் அப்படியேதான் இருக்கும்."

திரும்ப ஏறி மண்ணைத் துடைத்துவிட்டு வந்தேன். ஆறாமல் மூடிக்கொள்வது எப்படி என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். மோட்டார் சைக்கிளை லோபாக் வளைவில் திருப்பாமல் நேரே கொஞ்ச தூரம் போய்விட்டேன்.

வீட்டுக்காரி கேட்டாள். "இன்னிக்கு என்னா கத்துக்கிட்டீங்க?"

"நான் வெட்டுனது எல்லாம் தப்பு."

"என்னாங்க இது. ஆறு வருஷம் என்னாத்த வெட்டினீங்க?"

"புல்லு."

அவள் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். "திங்கக்கிழமைக்கு ஆகுமா ஆகாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியல."

உண்மையாகவே தெரியவில்லை. பத்து வெட்டில் மூன்று நான்கு சரி என்பார்கள். எது சரியாக வந்தது, எது தப்பாகப் போனது, எதனால் என்று எனக்குப் பிடிபடவில்லை. சரியாக வெட்டினபோதும் தப்பாக வெட்டினபோதும் என் கை ஒன்றுபோலத்தான் இருந்தது.

சோதனை நாள் வந்தது. சோதிக்க வெளியிலிருந்து ஒரு சீனர் வந்திருந்தார். நரைத்த தலை. அதிகம் பேசமாட்டார். கையில் ஒரு டேப்லெட்டும் கழுத்தில் பைனாகுலரும் வைத்திருந்தார். பங்களா வாசலில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தில் கிளைகளுக்கு நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கிளை. ஏறி, வெட்டி, கயிற்றில் இறக்கிவிட்டு வரவேண்டும். வெட்டாமல் இறங்கினால் செய்யாத கணக்கு. கீழே நிற்கிற ஜோடி கயிறு பற்றி மட்டும் பேசலாம். வெட்டு பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது.

தையல் கடைப் பெண் முதலில் ஏறினாள். வெட்டினாள். நான் கீழே கயிறு பிடித்து அவள் கிளையை இறக்கினேன். சீனர் தலையை ஆட்டினார். அவளுக்கு ஆகிவிட்டது என்று தெரிந்தது.

பிறகு நான். என் கயிறு மேலே ஒரு கவட்டையில் கிடந்தது. அதில் தொங்கிக்கொண்டு என் கிளைக்குப் போனேன். நடுக்கம் இல்லை. கிளை மரத்தோடு சேரும் இடம் பெரணியும் பாசியுமாக மூடிக் கிடந்தது. கழுத்து எங்கே என்று தெரியவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பெரணியை விலக்கினேன். பாசியைச் சுரண்டினேன். கிளைக்குப் பக்கத்தில், அடிமரத்தில், ஒரு பழைய வெட்டு இருந்தது. வட்டமாக, தட்டு மாதிரி. ஓரம் எல்லாம் உருண்டு திரண்டிருந்தது. நடுவில் மூடவில்லை. விரலை வைத்தேன். விரல் உள்ளே போனது. கை போனது. மணிக்கட்டு வரை போயும் அடி தட்டுப்படவில்லை. உள்ளே காப்பிச் சக்கை மாதிரி ஈரமாக இருந்தது.

அண்ணாந்து பார்த்தேன். என் கயிறு கிடந்த கவட்டை அந்த ஓட்டைக்கு நேர் மேலே இருந்தது.

கயிறு கட்டின இடத்தில் சந்தேகம் வந்தால் உடனே இறங்கு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெட்டாமல் இறங்கினால் செய்யாத கணக்கு என்றும் சொல்லியிருந்தார்கள். இரண்டில் எது பெரியது என்று யாரும் சொல்லவில்லை. ஒருவேளை வேண்டும் என்றேதான் இந்தக் கிளையில் ரிப்பன் கட்டினார்களோ? இதுதான் சோதனையோ? அல்லது அவர்களுக்கே தெரியாதோ? தோட்டத்தில் அடிமரம் அழுகின செம்பனை இருந்தால் நாங்கள் அடுத்த மரத்துக்குப் போய்விடுவோம். அது தரை. இங்கே நான் அந்த மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து சத்தம் வந்தது. "அண்ணே! தூங்கிட்டீங்களா? மரத்துக்குத்தான் அந்தப் பேரு, உங்களுக்கு இல்ல!"

திங்கட்கிழமையை நினைத்தேன். ஒரு வெட்டுத்தான். வேகமாக வெட்டிவிட்டு இறங்கிவிடலாம். ரம்பத்தை எடுத்தேன். கையை ஓட்டையிலிருந்து எடுத்தபோது விரலெல்லாம் கறுப்பாக இருந்தது. அதைத் துடைக்க இடம் தேடினேன். ரம்பத்தைத் திரும்ப உறையில் போட்டேன்.

"இறங்குறேன்!"

"வெட்டலயா?"

"இல்ல."

"ஐயோ அண்ணே, வெட்டாம இறங்குனா போச்சுலா!"

"தெரியும்."

இறங்கினேன். சீனர் கிட்டே வந்தார்.

"ஏன்?"

"ஓட்டை."

"எங்க?"

"என் கயித்துக்குக் கீழ."

அவர் பைனாகுலரால் பார்த்தார். கீழேயிருந்து பெரணி மட்டும்தான் தெரிந்திருக்கும். பயிற்சிக்காரரைப் பார்த்தார். அவர் வேறு கிளையில் கயிறு போட்டு ஏறினார். மேலே சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. சில இடத்தில் கட்டைச் சத்தம். சில இடத்தில் மேளச் சத்தம். வெகுநேரம் தட்டினார். இறங்கி வந்து பெல்டைக் கழற்றினார்.

"ஓட்டைதான். ஆனா சுத்திலும் சுவர் கெட்டியா இருக்கு. தாங்கியிருக்கும்," என்றார்.

"அது அவனுக்குத் தெரியாது," என்றார் சீனர்.

"தட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"சுத்தியல் அவன்கிட்ட குடுத்தீங்களா?"

பிறகு இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். வேகமாகப் பேசினார்கள். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நல்லதாகவா கெட்டதாகவா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. தாங்கியிருக்கும் என்றால் நான் வீணாக இறங்கிவிட்டேன். இறங்கினது சரி என்றால் அதற்கு மார்க் உண்டா?

பேச்சு நின்றதும் பயிற்சிக்காரரைக் கேட்டேன். "அந்தப் பழைய வெட்டு யாரு வெட்டினது?"

"எப்பவோ. துரைங்க இருந்த காலமா இருக்கும். தோட்ட ஆளு யாராச்சும் வெட்டியிருப்பாங்க. ஒட்ட வெட்டியிருக்காங்க. கழுத்தே இல்ல."

நன்றாகத்தான் வெட்டியிருக்கிறான். ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நானாக இருந்தால் நானும் அப்படித்தான் வெட்டியிருப்பேன். அவன் பின்னாலும் ஒரு மண்டோர் நின்றிருப்பார். பார்த்துவிட்டுச் சரி என்று போயிருப்பார். அன்றைக்கு அது சரிதான். ஓட்டை விழ எத்தனை வருஷம் ஆனதோ. அப்படிப் பார்த்தால் எப்போது அது தப்பானது? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

மழை கட்டிக்கொண்டு வந்தது. யாரும் ஏறாதபடி அந்த மரத்தைச் சுற்றி நாடா கட்டிவிட்டார்கள். சீனர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஓர் அங்சானா மரத்தைக் காட்டி, ரிப்பனை அதில் கட்டச் சொன்னார்.

"இதுல வெட்டு. மழைக்கு முன்னால."

ஏறினேன். இந்த மரத்தில் பாசி இல்லை. கழுத்து தெரிந்தது. ஆனால் பாதிதான் தெரிந்தது. அடிப்பக்கம் வீக்கம் இருந்தது. மேல்பக்கம் ஒன்றும் இல்லை, வழவழவென்று மரத்தோடு சேர்ந்து போனது. கழுத்தைவிட்டுத் தள்ளி, கிளையின் அடியில் ஒரு வெட்டுப் போட்டேன். மேலே ஒரு வெட்டுப் போட்டேன். கிளை முறிந்து கயிற்றில் தொங்கியது. கீழே அவள் பதமாக இறக்கினாள். மிச்சம் இருந்தது கட்டை. அதைத்தான் சரியான இடத்தில் வெட்ட வேண்டும்.

ரம்பத்தை வைத்தேன். கை தானாக உள்ளே நகர்ந்தது. ஒட்ட வெட்டப் போகிறது என்று தெரிந்தது. வெளியே இழுத்தேன். அதிகமாக இழுத்துவிட்டேனோ என்று உள்ளே தள்ளினேன். மறுபடியும் வெளியே. மழை விழ ஆரம்பித்துவிட்டது. அவள் கீழே வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மரம் எங்கே முடிகிறது, கிளை எங்கே தொடங்குகிறது? எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ரம்பத்தை வைத்து இழுத்தேன்.

கட்டை விழுந்தது. சீனர் நனைந்துகொண்டே பைனாகுலரால் பார்த்தார்.

"கொஞ்சம் நீளம்," என்றார்.

டேப்லெட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்.

மழை விட்ட பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சீனர் காரில் கிளம்பிப் போய்விட்டார். பயிற்சிக்காரர்தான் முடிவைச் சொன்னார்.

"அபாங், பாஸ்."

நான் நகரவில்லை. "எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"வெட்டுக்கா? இறங்கினதுக்கா?"

"மொத்தமா."

"வெட்டு நீளம்னாரு."

"ஆமா, நீளம்தான்."

"இறங்காம அங்கயே வெட்டியிருந்தா?"

"தெரியல அபாங். மார்க் போட்டது அவரு. நானா இருந்தா வேற மாதிரி போட்டிருப்பேன்."

"எந்த மாதிரி?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தையல் கடைப் பெண் என் மோட்டார் பக்கத்தில் நின்றாள். அவளும் பாஸ். "அண்ணே, ஆச்சில்ல? அப்புறம் என்னா விசாரண? பாஸ் போட்ட ஆளப் பிடிச்சி போலீஸ்ல குடுப்பீங்க போலயே."

"உனக்கு எதுக்குப் போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். நல்லா வெட்டுனேன்."

"அதான்."

"என்னா அதான்? திங்கக்கிழம நேரத்தோட வாங்க. சி ரூசா போற பஸ்ஸ நம்பாதீங்க. மோட்டார்லயே வாங்க."

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி வேலை முடிந்து வந்து அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"என்னா சொன்னாங்க?"

"பாஸ்."

கழுவுவதை நிறுத்தினாள். "நல்லா வெட்டினீங்களா?"

"நீளம்னாரு."

"அப்புறம் எப்படிப் பாஸ்?"

"தெரியல."

"தெரியாமயா திங்கக்கிழம மரத்துல ஏறப் போறீங்க?"

"ஆமா."

அவள் என் காலைப் பார்த்தாள். பூட்ஸிலிருந்து தண்ணீர் வடிந்து வாசலில் தேங்கியிருந்தது.

"கழட்டிப் பேப்பர் திணிச்சி வைங்க," என்றாள். "திங்கக்கிழமைக்குள்ள காயணும்."